கடலில் இருக்கும் கப்பலைக் கம்ப்யூட்டரில் தேடுவது எப்படி?

எதிர்வீட்டு அக்காவின் கணவர், மும்பை ஹை எண்ணெய் வயலுக்குச் சாமான் கொண்டு போகும் சப்ளை கப்பலில் எஞ்சினியர். அக்கா புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதும் மரைன்ட்ராஃபிக் தளத்தில் அந்தக் கப்பலைத்தான் தேடினார். ஒரு நாள் காலையில், "கப்பல் ராத்திரியோட நின்னு போச்சு தம்பி, போனும் கிடைக்கலை" என்று பதறி வந்தார்.

நான் முதலில் பார்த்தது, திறந்திருப்பது சரியான கப்பல்தானா என்பதை. ஒரே பெயரில் பல கப்பல்கள் உண்டு. பெயரும் கொடியும் மாறலாம்; ஆனால் ஏழு இலக்க ஐஎம்ஓ எண் மாறாது. சர்ச் பாக்ஸில் அதையே டைப் செய்யுங்கள். எண் சரியா என்பதைக் கால்குலேட்டரிலேயே சோதிக்கலாம். உதாரணம்: 9074729. முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 63+0+35+16+21+4 = 139. விடையின் கடைசி இலக்கமான 9, எண்ணின் கடைசி இலக்கத்தோடு பொருந்த வேண்டும்.

அக்கா திறந்தது சரியான கப்பல்தான். ஆனால் இடம் பதிவான நேரம் 14 மணி நேரத்துக்கு முந்தையது! அதை அவர் கவனிக்கவில்லை. கப்பலிலுள்ள ஏஐஎஸ் கருவி, ஓடும்போது சில விநாடிகளுக்கு ஒருமுறை விஎச்எஃப் ரேடியோவில் தன் இடத்தைச் சொல்கிறது. கரையிலுள்ள ரிசீவருக்கு இது சாதாரணமாக 75 கிலோமீட்டர் வரைதான் எட்டும். மும்பை ஹையோ கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். அதற்கு மேல் சாட்டிலைட் தகவல் வேண்டும்; அது பெரும்பாலும் கட்டணச் சேவை. ஆக, நின்றது தகவல்தான், கப்பல் அல்ல.

இன்னொரு சந்தேகமும் அக்காவுக்கு இருந்தது. முன்பு ஒருமுறை வேகம் 0.1 நாட் என்று காட்டியதாம். எஞ்சின் பழுதோ என்று பயந்திருக்கிறார். இதற்கு விடை கப்பலின் விவரக் குறிப்பில் இருக்கிறது. அதில் டிபி2 என்று போட்டிருந்தது. நங்கூரம் போடாமல், கம்ப்யூட்டரே புரொப்பெல்லர்களை இயக்கி, எண்ணெய் மேடையருகே கப்பலை ஒரே இடத்தில் நிறுத்தும் முறை இது. ஒரு கருவி பழுதானாலும் நிலை தவறாதபடி மாற்று ஏற்பாடு உண்டு. நின்றபடியேதான் சாமான் இறக்குவார்கள். (பொல்லார்டு புல் என்றும் ஒரு எண் வரும், கயிறு கட்டி எத்தனை டன் விசையில் இழுக்கும் என்பது அது. இழுவை வேலை செய்யும் கப்பலுக்குத்தான் அது முக்கியம்.)

மூன்றாம் நாள் கப்பல் மும்பையை நெருங்கியதும் புள்ளி மீண்டும் நகர்ந்தது. போக வேண்டிய இடம் என்ற கட்டத்தில் மட்டும் இன்னும் மும்பை ஹை என்றே இருந்தது. அதை அதிகாரிகள் கையால் டைப் செய்கிறார்கள், மாற்ற மறந்திருப்பார்கள்.