கவனம் நிலைகொள்ளாத குழந்தைகள்

தொடக்கப் பள்ளி ஆசிரியர் எவரும் நன்கறிந்த ஒரு மாணவன் உண்டு. வினா முடியுமுன் விடையைக் கூவுவான். பத்து நிமிடம் ஓரிடத்தில் அமரமாட்டான். வாரத்திற்கொரு முறை எழுதுகோலைத் தொலைப்பான். கணக்கின் முதல் வரியைப் பிழையின்றி எழுதி, மூன்றாம் வரியில் கூட்டல் குறியைக் கழித்தல் என்று கொள்வான். அவனுக்கு ‘வாலு’ என்ற பட்டம் முதல் மாதத்திலேயே கிடைத்துவிடும். அதே வகுப்பில், சாளரத்தை நோக்கியபடி ஓசையின்றி அமர்ந்திருக்கும் ஒரு மாணவியும் இருப்பாள். அவளைப் பற்றி எவரும் குறை கூறுவதில்லை. ஆண்டிறுதியில் ‘மந்தம்’ என்ற ஒரே சொல்லில் அவளுடைய கணக்கு முடிந்துவிடும். இவ்விருவருக்கும் இருப்பது ஒரே குறைபாடாக இருக்கக்கூடும். ‘கவனக்குறை மிகையியக்கக் குறைபாடு’ என்று மருத்துவர்கள் அதனைக் குறிப்பிடுகின்றனர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஏ.டி.எச்.டி. என்று வழங்குவதும் உண்டு.

உலக அளவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கின், பள்ளி வயதுக் குழந்தைகளுள் ஏறக்குறைய நூற்றுக்கு ஐவரிடம் இக்குறைபாடு காணப்படுகிறது. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் இருவர் என்பது இதன் பொருள். இது அரிய நோயன்று. அதேபோல், துறுதுறுவென்றிருக்கும் குழந்தை யாவும் இக்குறைபாடு உடையது என்று கொள்வதும் பெரும் பிழையாகும்.

பெயரின் வரலாறு

1902ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஸ்டில் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில், அறிவில் குறைவின்றியும் தம்மை அடக்கிக்கொள்ள இயலாத குழந்தைகள் சிலரை விவரித்தார். அந்நிலையை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்று அவர் கருதினார். 1968இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட வகைப்பாட்டில் மிகை இயக்கமே முதன்மையாகக் கொள்ளப்பட்டது. 1980இல் வந்த பதிப்பு கவனக்குறையை முன்னிறுத்தியது. 1987இல் இரண்டும் இணைந்த இன்றைய பெயர் உருவாயிற்று. ஒழுக்கம், இயக்கம், கவனம் என்று மருத்துவ உலகின் பார்வை இவ்வாறு இடம் மாறியது. பள்ளிகள் பலவற்றின் பார்வை இன்னும் 1902ஐத் தாண்டவில்லை என்று கூறின் அது மிகையாகாது.

குறைபாட்டின் இயல்பு

‘கிரிக்கெட் ஆட்டத்தை மூன்று மணி நேரம் அசையாமல் பார்க்கிறானே, பாடத்தில் மட்டும் எப்படிக் கவனம் இல்லாமற் போகும்?’ என்று பெற்றோர் வினவுவது வழக்கம். நியாயமான வினாவே. இக்குழந்தைகளிடம் கவனம் இல்லாமல் இல்லை. அதனை வேண்டிய இடத்தில், வேண்டிய நேரம் வரை நிறுத்தும் ஆற்றலே தளர்ந்திருக்கிறது. விறுவிறுப்பான காட்சி கவனத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்கிறது. வாய்பாடு அவ்வாறு செய்வதில்லை. அங்கே குழந்தைதான் தன் கவனத்தைப் பிடித்து வைக்க வேண்டும்.

அவ்வாறு நிறுத்தும் பணியில் மூளையின் முன்பகுதிக்கும் அதனோடு இணைந்த நரம்புப் பாதைகளுக்கும் பெரும் பங்கு உண்டு. அப்பாதைகளில் டோபமைன், நார்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்கள் செயற்படுகின்றன. 2007இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, இக்குழந்தைகளின் மூளைப் புறணி தன் முழுத் தடிப்பை எய்துவதில் மற்றக் குழந்தைகளைவிடச் சராசரியாக மூன்றாண்டுகள் பிந்துவதைக் காட்டியது. மற்றவர்களுக்கு ஏழரை வயதளவில் நிகழ்வது இவர்களுக்குப் பத்தரை வயதளவில் நிகழ்ந்தது. வளர்ச்சி வேறு வழியில் செல்லவில்லை, காலந்தாழ்ந்தே சென்றது என்பது அதன் முடிவு. ஒன்பது வயதுச் சிறுவனிடம் ஆறு வயதுச் சிறுவனின் பொறுமையே இருப்பதைக் காணும் ஆசிரியருக்கு இது புதிதாகத் தோன்றாது.

இக்குறைபாடு பெரும்பாலும் மரபுவழி வருவது. ‘சிறு வயதில் நானும் இப்படித்தான் இருந்தேன்’ என்று தந்தையர் சிரித்துக்கொண்டே கூறுவதில் உண்மை இருக்கலாம். குறைமாதப் பிறப்பும் பிறப்பெடைக் குறைவும் இதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. தாயின் செல்லமோ தந்தையின் கண்டிப்புக் குறைவோ இதற்குக் காரணமன்று. எனினும் அடியும் ஏச்சும் நிறைந்த சூழல் இதன் விளைவுகளை மோசமாக்கும்.

கண்டறியும் முறை

இதனைக் கண்டறிய இரத்தப் பரிசோதனையோ, மூளையைப் படமெடுக்கும் கருவியோ இல்லை. நடத்தையைக் கூர்ந்து நோக்குவதே வழி. 2013இல் வெளிவந்த அமெரிக்க வகைப்பாட்டின்படி, கவனக்குறைக்கு ஒன்பது அறிகுறிகளும் மிகையியக்கம், உந்துணர்ச்சி ஆகியவற்றிற்கு ஒன்பது அறிகுறிகளும் உள்ளன. இவற்றுள் ஏதேனும் ஒரு பிரிவில் குறைந்தது ஆறு அறிகுறிகள் ஆறு மாதமேனும் நீடிக்க வேண்டும். அவற்றுள் பல பன்னிரண்டு வயதிற்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். வீடு, பள்ளி போன்ற இரண்டு சூழல்களிலேனும் அவை காணப்பட வேண்டும். வீட்டில் அமைதியாகவும் பள்ளியில் மட்டும் கட்டுக்கடங்காமலும் இருக்கும் குழந்தையிடத்து, முதலில் ஆராய வேண்டியது பள்ளியையே. இந்தியச் சூழலுக்கென உருவாக்கப்பட்டு 2014இல் வெளியிடப்பட்ட இன்க்ளென் கருவி, ஆறு முதல் ஒன்பது வயது வரையிலான குழந்தைகளை மதிப்பிட மருத்துவர்களுக்கு உதவுகிறது.

இக்குறைபாட்டைப் போலவே தோற்றமளிக்கும் வேறு நிலைகள் பல. நம் நாட்டுச் சூழலில் இவற்றை முதலில் விலக்காமல் முடிவு கூறுவது ஆபத்தானது. காதில் சீழ் வடிந்து செவித்திறன் குறைந்த குழந்தை, ஆசிரியரின் கட்டளையைப் பாதியே கேட்கிறது. கரும்பலகை தெளிவாகத் தெரியாத குழந்தை, அடுத்தவன் நோட்டை எட்டிப் பார்க்கிறது. இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை கண்ட குழந்தைக்குச் சோர்வும் எரிச்சலும் கவனச் சிதறலும் ஏற்படுகின்றன. சில விநாடிகள் மட்டும் நினைவு தவறும் ஒருவகை வலிப்பைப் பகற்கனவு என்று எண்ணிவிடுவதும் உண்டு. உறக்கம் போதாமையும் இத்தகையதே. விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, தம்பி தங்கையரைக் கவனித்துவிட்டுப் பள்ளி வரும் சிறுமி மூன்றாம் பாடவேளையில் தலை சாய்ப்பதற்கு நரம்பியல் விளக்கம் தேவையில்லை.

மொழியையும் இங்குக் கருத வேண்டும். செங்கற் சூளைக்கும் கட்டுமானப் பணிக்கும் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர்களின் பிள்ளைகள், வீட்டில் ஒடியாவோ சந்தாலியோ பேசிவிட்டு, தெலுங்கோ தமிழோ பயிற்று மொழியாக உள்ள வகுப்பில் அமர்கின்றனர். புரியாத ஒலிகளுக்கு நடுவே நாள் முழுதும் கவனத்துடன் இருக்கப் பெரியவர்களாலும் இயலாது. அதனைக் குறைபாடு என்று பதிவு செய்வது அக்குழந்தைக்கு இழைக்கும் அநீதியாகும்.

சீர்செய்யும் வழிகள்

ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது பெற்றோருக்கான பயிற்சியே. ஒரு நேரத்தில் ஒரு கட்டளை, அதுவும் குழந்தையின் அருகில் சென்று, முகம் பார்த்து. நற்செயலை அந்தக் கணமே பாராட்டுதல். நாள்தோறும் மாறாத நேர ஒழுங்கு. மாத இறுதியில் மிதிவண்டி என்ற வாக்குறுதி இக்குழந்தைகளிடம் செல்லாது. ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் ஒரு சிறு பாராட்டு செல்லும்.

வகுப்பறையில் செய்யக்கூடியவற்றிற்கும் பெருஞ்செலவில்லை. கதவிற்கும் சாளரத்திற்கும் அப்பால், முன் வரிசையில் இடம் தரலாம். இருபது கணக்குகளை ஐந்தைந்தாகப் பிரித்துத் தரலாம். வருகைப் பதிவேட்டைத் தலைமையாசிரியரிடம் கொண்டு செல்லும் பணியை அவனுக்கே அளிக்கலாம். எழுந்து நடப்பதற்கு முறையான ஒரு வாய்ப்பு அதனால் அவனுக்குக் கிடைக்கும். விளையாட்டு வேளையைத் தண்டனையாகப் பறிப்பது பரவலான வழக்கம். அதைவிடப் பயனற்ற தண்டனை வேறில்லை.

பள்ளி வயதினருக்கு, தேவைப்படின், மருத்துவர் மருந்தும் தருவார். மெதில்ஃபெனிடேட் என்பது இவற்றுள் நன்கு ஆராயப்பட்டது. ஊக்க மருந்து ஒன்று துடிப்பான குழந்தையை அமைதிப்படுத்துவது முரணாகத் தோன்றலாம். கவனத்தை நிறுத்தும் பாதைகளுக்கே அம்மருந்து ஊக்கம் தருகிறது என்பதே விளக்கம். பசி குறைதல், உறக்கம் கெடுதல் ஆகிய பக்க விளைவுகள் உண்டு. ஆதலால் உயரமும் எடையும் இரத்த அழுத்தமும் காலந்தோறும் அளக்கப்பட வேண்டும். இந்தியாவில் இது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் உளவியக்கப் பொருள்கள் சட்டத்தின் கட்டுப்பாட்டிற்குட்பட்டது. எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைக்காது என்பதைச் சிற்றூர்ப் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருத்தல் நன்று.

579 குழந்தைகளைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஆய்வில், கவனமாக அளவிடப்பட்ட மருந்து முதன்மை அறிகுறிகளைப் பதினான்கு மாதங்களில் நன்கு குறைத்தது. ஆனால் மூன்றாம் ஆண்டின் முடிவில் சிகிச்சைக் குழுக்களிடையே அந்த வேறுபாடு காணப்படவில்லை. மருந்து உதவும், வீடும் பள்ளியும் ஆற்ற வேண்டிய பணியை அது ஏற்றுக்கொள்ளாது.

சட்டமும் நிருவாகமும்

2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலவாழ்வுத் திட்டத்தின் கீழ், பிறப்பு முதல் பதினெட்டு வயது வரையிலான குழந்தைகளிடம் முப்பது உடல்நலக் குறைகள் ஆராயப்படுகின்றன. அவற்றுள் கவனக்குறை மிகையியக்கக் குறைபாடும் ஒன்று. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வருகிறது. ஐயமுள்ள குழந்தைகள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்திற்கோ அரசு மருத்துவமனைக்கோ அனுப்பப்படுகின்றனர்.

ஏற்பாடு நன்று. ஆனால் இக்குழந்தைகளின் இயல்பே அதற்கு இடையூறாகிறது. புதிய இடத்தில், புதிய மனிதர் முன்னிலையில், சில நிமிடங்கள் இவர்களால் முற்றிலும் அமைதியாக இருக்க இயலும். ஆண்டில் ஒருநாள் வரும் மருத்துவரின் முன் அக்குழந்தை குறையற்றவனாகவே தோன்றுவான். வகுப்பாசிரியர் சில வாரங்கள் கவனித்து எழுதிய அரைப் பக்கக் குறிப்பொன்று குழுவின் கையில் இருந்தாலன்றி உண்மை வெளிப்படாது. குழு வரும் நாளைப் பள்ளிக்கு முன்னரே தெரிவித்து, அத்தகைய குறிப்புகளைக் கேட்டுப் பெறுவது வட்டார அளவிலேயே செய்யக்கூடிய காரியம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அடக்க இயலாத குழந்தையே அடி வாங்கும் முதற் குழந்தை என்பதால் இப்பிரிவு இவர்களுக்கு மிகுதியும் பொருந்தும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் இருபத்தொரு குறைபாடுகளில் மதியிறுக்கம், குறித்த கற்றல் குறைபாடு ஆகியவை இடம்பெறுகின்றன. கவனக்குறை மிகையியக்கக் குறைபாடு இடம்பெறவில்லை. மருத்துவத் திட்டம் பெயர் சொல்லித் தேடும் ஒரு நிலை, சான்றிதழ் வழங்கும் சட்டத்தின் பட்டியலில் இல்லை. இக்குழந்தைகளுள் கணிசமானோருக்குக் கற்றல் குறைபாடும் உடனிருப்பதால், அதனையும் சேர்த்து மதிப்பிடச் செய்வது இன்றியமையாதது. அவ்வழியே சான்றிதழும் அதனைச் சார்ந்த தேர்வுச் சலுகைகளும் கிடைக்க இடமுண்டு.

சான்றிதழ் இல்லாதவர்களுக்கும் முன் வரிசை இருக்கையும் பிரித்துத் தரும் பயிற்சியும் தருவதை எந்த விதியும் தடுக்கவில்லை. நடைமுறையில் இவை அறுந்துபோவது பெரும்பாலும் ஐந்தாம் வகுப்பின் முடிவில்தான். தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர் மூன்றாண்டுகள் முயன்று அறிந்தவை யாவும், மாணவன் நடுநிலைப் பள்ளிக்குச் செல்லும்போது அவருடனேயே நின்றுவிடுகின்றன. மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதியும் அங்க அடையாளங்களும் செல்கின்றன. எதைச் செய்தால் இவன் கற்கிறான் என்பதைக் கூறும் தாள் செல்வதில்லை. ஆறாம் வகுப்பில் பாடத்திற்கோர் ஆசிரியராக ஐவர் அவனைப் புதிதாகச் சந்திக்கின்றனர். அவர்களுள் ஒருவர் முதல் வாரத்திலேயே அவனைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிடுகிறார்.