டிக்கெட் எடுப்பதற்கு முன்பே தொடங்கும் அரண்மனை

வெளியூர் உறவினர்கள் திருமலை நாயக்கர் மகாலைப் பார்க்க வேண்டும் என்று வந்தால், நான் அவர்களை நேரே டிக்கெட் கவுண்டருக்கு அழைத்துப் போவதில்லை. கே.கே. நகரிலிருந்து விடியற்காலையில் நடத்தியே கூட்டிப் போகிறேன். 1636இல் எழுந்த அந்த அரண்மனையில் இன்று நாம் கட்டணம் கட்டிப் பார்ப்பது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் என்பார்கள். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பல பகுதிகளைப் பிரித்து எடுத்துப் போனார். அப்படியும் எல்லாம் போய்விடவில்லை. ஜவுளிக் கடைகளுக்கு நடுவிலும் குடியிருப்புச் சந்துகளிலும் கொஞ்சம் கொஞ்சமாக நிற்கிறது. அங்கே கூட்டம் கிடையாது, கட்டணமும் கிடையாது. நேரம் பார்த்துப் போக வேண்டும், அவ்வளவுதான்.

நேரம் என்றால் காலை ஐந்தரை. மதுரை வெயிலில் எட்டரைக்கு மேல் நடப்பது தண்டனை. பங்குனி, சித்திரையில் எட்டு மணியே அதிகம். ஒரு தண்ணீர் பாட்டில், தொப்பி, நன்றாகப் பழகிய செருப்பு போதும். புதுச் செருப்போடு வந்தவர்கள் ஏ.வி. பாலத்திலேயே ஆட்டோ தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

கே.கே. நகர்க்காரர்களுக்கு முதல் அரண்மனை வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. காந்தி மியூசியம் என்று நாம் அழைக்கும் வெள்ளைக் கட்டடம் ராணி மங்கம்மாளின் கோடை அரண்மனை. 1689 முதல் 1706 வரை பேரனுக்காக ஆட்சிப் பொறுப்பைச் சுமந்தவர் அவர். பிறகு ஆற்காட்டு நவாப், கிழக்கிந்தியக் கம்பெனி, கலெக்டர் குடியிருப்பு என்று கைமாறி, 1959 ஏப்ரல் 15 அன்று நேரு வந்து அருங்காட்சியகமாகத் திறந்து வைத்தார். காலையில் உள்ளே போக முடியாது. பரவாயில்லை, வெளியே நின்று அந்த வளைவுகளை மட்டும் கண்ணில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மகாலுக்குள் நுழையும்போது, இதே வளைவு பல மடங்கு பெரிதாகி நிற்பது உடனே தெரியும். சின்னதை முதலில் பார்ப்பதில் இந்த லாபம் உண்டு.

தமுக்கம் மைதானம், கோரிப்பாளையம் தாண்டினால் ஏ.வி. பாலம். 1889இல் திறந்தது. பாலத்தின் நடுவில் ஒரு நிமிடம் நின்று தெற்கே பார்க்கச் சொல்வேன். ஆற்றின் அந்தக் கரையில் ஒரு காலத்தில் மதிலும் அகழியும் சூழ்ந்த கோட்டை இருந்தது. விசுவநாத நாயக்கர் காலத்தில் 72 கொத்தளங்களுடன் எழுந்தது என்றும், ஒவ்வொரு கொத்தளத்தையும் ஒரு பாளையக்காரர் பொறுப்பில் விட்டார்கள் என்றும் சொல்வார்கள். 1763இலும் 1764இலும் மருதநாயகம் என்ற யூசுப் கான் இந்த மதிலை நம்பித்தான் நவாப் படையையும் கம்பெனிப் படையையும் மாதக் கணக்கில் எதிர்த்து நின்றார். கடைசியில் உள்ளே இருந்தவர்களே பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று சம்மட்டிபுரத்தில் தூக்கிலிடப்பட்டார்.

அந்தக் கோட்டையை இடித்தவர் கலெக்டர் பிளாக்பர்ன். 1840களில் ஊர் நெருக்கடி தாங்காமல் மதிலைத் தள்ளி அகழியைத் தூர்த்தார்கள். வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரி, மாரட் இருவர் பெயரும் வீதிகளில் நிலைத்துவிட்டன. கோட்டை போன தடத்தில்தான் வெளி வீதிகள் ஓடுகின்றன. இதைத் தெரிந்துகொண்டு நடந்தால் கீழவாசல், தெற்குவாசல் என்று டவுன் பஸ் கண்டக்டர் கூவுகிற ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கோட்டைக் கதவு நின்றது புரியும்.

சிம்மக்கல் வழியாக ஊருக்குள் இறங்கி, மீனாட்சி அம்மன் சன்னதிக்கு நேர் கிழக்கே வந்தால் விட்டவாசல். நாயக்கர் கோட்டைக்கும் முந்தைய பாண்டியர் கோட்டையின் வாசல் ஒன்று தப்பி நிற்பது இங்கேதான். கடைகள் திறந்துவிட்டால் அதைக் கவனிக்கவே முடியாது. ஆறரை மணிக்குக் கருங்கல் தூண்களைத் தொட்டே பார்க்கலாம். அங்கிருந்து கீழமாசி வீதியில் தெற்கே நடந்தால் விளக்குத்தூண். இடித்த அதே பிளாக்பர்னுக்கு நன்றிக்கடனாக ஊர்க்காரர்கள் நிறுத்திய விளக்கு அது. எனக்கு இதில் கோபமும் உண்டு, புரிதலும் உண்டு. மூச்சு முட்டிய ஊருக்கு அவர் அகலமான வீதிகளைக் கொடுத்தார். அதற்காக ஒரு பக்கத்து மதிலையாவது விட்டு வைத்திருக்கலாமே என்று அந்த இடத்தில் நிற்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

அடுத்ததுதான் இந்த நடையில் எனக்கு மிகவும் பிடித்த இடம், பத்துத்தூண். அரண்மனையின் ரங்கவிலாசம் என்ற பகுதி, திருமலை நாயக்கரின் தம்பி முத்தியாலு நாயக்கருக்காகக் கட்டப்பட்டது என்பார்கள். அதில் மிஞ்சியவை பத்தே பத்துக் கருங்கல் தூண்கள். குறுகலான ஜவுளிச் சந்தில், கூரை இல்லாமல், பக்கத்து மாடிகளை ஒட்டி நிமிர்ந்து நிற்கின்றன. முன்பு ஒருமுறை பகல் வேளையில் போயிருந்தபோது கடைப் பெரியவர் ஒருவர் சொன்னது: “தம்பி, தூணப் பாக்கணும்னா எட்டு மணிக்கு முன்னாடி வாங்க. கடை தெறந்துட்டா சேலையத்தான் பாக்க முடியும்.” அவர் சொன்னது முழு உண்மை. காலையில் வந்தால் ஒரு தூணின் அடியில் முதுகைச் சாய்த்து மேலே பாருங்கள். இதன் மேல் உட்கார்ந்திருந்த கூரை எவ்வளவு உயரத்தில் இருந்திருக்கும் என்று மனம் தானாகக் கணக்குப் போடும். எந்தப் புத்தகப் படமும் இதைத் தராது.

மகாலைச் சுற்றியுள்ள பந்தடித் தெருக்கள், நவபத்கானா தெரு, எண் போட்ட மகால் தெருக்கள் எல்லாம் அரண்மனை வளாகத்தின் மேலும் அதைச் சுற்றியும் வளர்ந்த குடியிருப்புகள். பந்தடியில் அரண்மனைப் பெண்கள் பந்தாடினார்கள் என்று அங்குள்ள எல்லோரும் சொல்வார்கள். சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி இது. நாயக்கர்கள் காலத்தில் பட்டு நெய்ய வந்தவர்களின் வழியினர். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிற நேரம். சந்து என்பதால் நாம் நடப்பது கிட்டத்தட்ட அவர்கள் முற்றத்தில்தான். கேமராவை எடுப்பதற்கு முன் “படம் எடுத்துக்கலாமாக்கா?” என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள், வேண்டாம் என்றால் நகர்ந்துவிட வேண்டும். கோலத்தை மிதிக்காமல் நடக்கக் குழந்தைகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள். பசித்தால் இங்கேயே டிபன் முடித்துவிடலாம்.

ஒன்பது மணிக்கு மகால் திறக்கும்போது வாசலில் இருங்கள். பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் வர இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். சனி, ஞாயிறு வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் வாரநாட்களிலும் இருக்கும். உள்ளே போனதும் எல்லோரும் முற்றத்தைக் குறுக்கே கடந்து, எதிரே குவிமாடத்தின் கீழுள்ள சிம்மாசனத்துக்குப் போவார்கள். நான் அப்படிப் போவதில்லை. பக்கவாட்டில் திரும்பி, தாழ்வாரத்தின் தூண் வரிசைக்குள் புகுந்து, முற்றத்தைச் சுற்றிக்கொண்டு சிம்மாசனத்துக்குக் கடைசியாக வருவேன். ஒரு தூணிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது முற்றம் வெளிச்சமாகத் திறந்து திறந்து மூடும். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்து இவ்வளவு எடையை எப்படித் தாங்குகின்றன என்று வியக்க நேரம் கிடைக்கும். வளைவுகளின் மேலுள்ள யாளிகளைச் சுதையில் செய்திருக்கிறார்கள். கழுத்து வலிக்கும், ஆனாலும் பாருங்கள்.

வடமேற்கில் நாடகசாலை இருக்கிறது. பலர் அதைத் தொடாமலே திரும்பிவிடுகிறார்கள், அதனால் அங்கே அமைதி அதிகம். 1970 வரை இந்த மகாலில்தான் மாவட்ட நீதிமன்றம் நடந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பழுதுபார்க்க முனைந்திருக்காவிட்டால் நமக்கு இந்தக் கால் பங்கும் மிஞ்சியிருக்காது. சென்னையில் பாலத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. மதுரைக்காரர்கள் அவரை நினைக்க இந்தத் தாழ்வாரமே போதுமான காரணம். அப்படிக் காப்பாற்றித் தந்த தூண்களில் ஆணியால் பெயர் கீறுகிறவர்களைப் பார்த்தால் நான் சும்மா இருப்பதில்லை. நீங்களும் பக்கத்தில் போய், குரலை உயர்த்தாமல், வேண்டாம் தம்பி என்று சொல்லுங்கள். பெரும்பாலும் கேட்டுக்கொள்கிறார்கள்.

கால் தாங்கினால் வீடு திரும்பும் பஸ்ஸைப் பெரியார் நிலையத்தில் பிடியுங்கள். அதன் அருகே மேலவெளி வீதியில் கோட்டைக் கொத்தளம் ஒன்று மிஞ்சி நிற்கிறது. 72இல் நம் கைக்குக் கிடைத்தது அது. பஸ் வரும்வரை அதைச் சுற்றி வரலாம்.