வண்டியின் ஒலியும் வழுவின் மூலமும்

இலக்கணங் கற்பிக்கும் ஆசிரியன் மோட்டார் வண்டியைப் பற்றி எழுதப் புகுந்ததேன் என இம்மலரைப் புரட்டும் அன்பர் சிலர் வியத்தல் கூடும். வாக்கியத்தில் வழுவைக் காண்பதற்கும் வண்டியிற் பழுதைக் காண்பதற்கும் முறை ஒன்றே. வழு எங்கே பிறந்தது எனத் தெளியுமுன் திருத்தக் கை நீட்டுவோன், நல்ல உறுப்பையுங் கெடுத்துவிடுவான்.

எடுத்துக்காட்டாக மொறிஸ் மைனர்க் காரைக் கொள்வோம். அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்தமைத்த இக்கார் 1948இல் வெளிவந்தது. பத்து இலட்சம் என்னும் தொகையை எட்டிய முதற் பிரித்தானியக் காரும் இதுவே. இத்தகைய பழைய வண்டியிற் புதியதோர் ஒலி எழுமாயின், "எத்தகைய ஒலி?" என்பதற்கு முன் "எப்பொழுது எழும் ஒலி?" என வினவுதல் வேண்டும்.

முதலாவதாக, வண்டியை நிறுத்தி எஞ்சினை மட்டும் இயக்குக. ஒலி அப்பொழுதுங் கேட்பின், அது எஞ்சினிலோ அதனோடு சுழலும் உறுப்புகளிலோ பிறப்பது. விசிறிப் பட்டியைக் கழற்றிச் சிறிது நேரம், ஒரு நிமிடத்துக்குங் குறைவாக, இயக்கிப் பார்க்கலாம். ஒலி மறைந்தால், குற்றம் தண்ணீர்ப் பம்பிலோ டைனமோவிலோ உளது.

மறையாது, எஞ்சினின் மேற்புறத்தில் மெல்லிய "டிக் டிக்" ஒலி தொடருமாயின், வால்வுகளின் இடைவெளியை நோக்குக. மெக்கானிக்குகள் இதனை "டப்பெட்" ஒலி என்பர். 1098 சீசீ எஞ்சினில், குளிர்ந்த நிலையில், இவ்விடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்காகும். எட்டு வால்வுகளையும் முன்னிருந்து எண்ணிக்கொள்க. 8ஆம் வால்வு முற்றத் திறந்திருக்கும்போது 1ஆம் வால்வைச் சீர்செய்க. 3ஆவது திறந்திருக்கும்போது 6ஆவதைச் சீர்செய்க. இரண்டெண்ணின் கூட்டுத்தொகை எப்பொழுதும் 9. மாணவர் மறவாதிருக்கத் தக்க எளிய கணக்கு இது.

சில ஒலிகள் இரும்பிற் பிறவாமல் எரிபொருளிற் பிறப்பன. 1990களிற் பெற்றோல் கிடையாது போகவே, யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலால் எஞ்சினைக் கிளப்பிப் பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். பாரமேறும்போது எஞ்சின் "கிணுகிணு" என இரைந்தமை, அவ்வெண்ணெய் காலந் தவறித் தானே வெடித்தமையால். எஞ்சினைப் பிரித்தவர் அதிற் குற்றங் காணார். தீப்பொறி எழும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளியவர் பயன் கண்டார்.

இரண்டாவதாக, வண்டி ஓடும்போது மட்டும் எழும் ஒலி. என் பழைய மொறிஸ் மைனர், குழியில் இறங்குந்தோறும் "டக்" என்றது. பழுதுபார்ப்போர் ஒருவர் எஞ்சினைத் திறக்கவேண்டும் என்றார். எனக்கு ஐயம் நீங்கவில்லை. ஒருநாள் மாலை, ஆளரவமற்ற ஒழுங்கையில் எஞ்சினை அணைத்துவிட்டு, மாணவர் நால்வரைத் தள்ளச் சொன்னேன். எஞ்சின் மௌனமாயிருந்தது, முன்சக்கரம் குழியிற் பட்டதும் "டக்" என்ற ஒலி மட்டும் எழுந்தது. எஞ்சின் குற்றமற்றதென அக்கணமே தெளிந்தது.

சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, மேலுங் கீழும் பற்றி அசைத்தோம்; அசைந்தது. ஒரு மாணவன் பிரேக்கை மிதித்தான். அப்பொழுதும் அசைவு நின்றபாடில்லை. நின்றிருப்பின் சக்கரத்தின் பெயரிங் தேய்ந்ததெனக் கொள்ளலாம். நில்லாமையால், சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் தண்டின் கீழ்முனையிலுள்ள "ட்ரனியன்" என்னும் மரையுறுப்பே தேய்ந்ததென அறிந்தோம். கிறீஸ் இன்றி அம்மரை தேய்ந்து கழன்றுவிடின், சக்கரம் மடிந்து வண்டி தரையில் விழும். அன்று எஞ்சினைத் திறக்கக் கொடுத்திருந்தால் பணமும் போயிருக்கும். செப்பமான எஞ்சினோடு அந்தச் சக்கரம் ஒருநாள் நெடுந்தெருவில் மடிந்துமிருக்கும். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டி அது.

உறுப்பை மாற்றினோம். ஆயிரம் மைலுக்கு ஒருமுறையேனும், சக்கரத்தை உயர்த்திப் பாரம் நீக்கியே, அவ்விடத்திற் கிறீஸ் ஏற்றுகின்றேன்.

நோயை அறிந்து, அதன் மூலத்தை அறிந்து, பின்னரே மருந்திடுக என்பது வள்ளுவர் வகுத்த நெறி. அன்று வண்டி தள்ளிய மாணவர்க்கு அவ்வதிகாரத்தை நான் மீண்டும் விளக்கவேண்டிய தேவை எழவில்லை. வகுப்பிற் பிழைசெய்யும் மாணவனைக் கடியுமுன், அவன் பிழை எப்பொழுது, எங்கே எழுகின்றது எனச் செவிசாய்க்க யானும் அன்றே கற்றுக்கொண்டேன்.