இறாலா, லூரா? எண்ணூர்க் கழியில் கொடுவாவுக்குத் தூண்டில்

கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறினால் அரை மணிக்குள் எண்ணூர். ஞாயிறு விடிகாலையில் அந்த ரயிலில் ராடும் ரீலுமாக ஏறும் பையன்கள் பலருடைய பெட்டியில், அமெரிக்க வீடியோ பார்த்து வாங்கிய லூர்கள், அதாவது செயற்கை இரைகள், இருக்கும். அந்த வீடியோக்களில் சிக்குவது ஸ்மால்மவுத் பாஸ். வட அமெரிக்காவின் தெளிந்த, குளிர்ந்த நன்னீரில் கல்லிடுக்குக் கிரேஃபிஷைத் தின்று வளரும் மீன் அது. நம் கழியில் இருப்பது கொடுவா. வெதுவெதுப்பான, கலங்கிய உப்புத் தண்ணீரில் இறாலும் மடவைக் குஞ்சும் தின்பது. அதற்கு ஏற்றபடிதான் நாம் இரை தேட வேண்டும்.

கரைக்குப் போனதும் பெட்டியைத் திறக்காதீர்கள். கால் மணி நேரம் தண்ணீரைப் பாருங்கள். மடவைக் குஞ்சுகள் கூட்டமாகத் துள்ளிச் சிதறினால் அடியில் கொடுவா துரத்துகிறது. சில சமயம் கல்லோரத்தில் 'பொளக்'கென்று ஒரு சத்தம் கேட்கும். கொடுவா கவ்விக் கடிப்பதில்லை. வாயைச் சட்டென்று திறந்து இரையைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. அந்தச் சத்தம் அதுதான்.

அடுத்து, கையை முழங்கை வரை தண்ணீரில் விடுங்கள். விரல் தெரிந்தால் லூர் போடலாம். தெரியாவிட்டால் உயிர் இறால்தான். மழைக்காலத்தில் கொசஸ்தலையாறு செந்தண்ணீரைக் கொண்டுவரும் நாட்களில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லூரும் வீண். அப்போது மீன் கண்ணை நம்புவதில்லை. இரையின் அசைவையும் வாசனையையும் வைத்துத்தான் தேடுகிறது.

உயிர் இறாலுக்கு, கழியில் இடுப்பளவு தண்ணீரில் கையாலேயே இறால் பிடிக்கும் இருளர் பெண்களிடம் கேளுங்கள். ஓலைப் பையைப் பல்லில் கவ்விக்கொண்டு சேற்றைத் தடவிப் பிடிப்பார்கள். பேரம் பேசாமல் கேட்ட விலையைக் கொடுங்கள். அந்த உழைப்புக்கு அது அதிகமில்லை. விரல் நீள இறால் போதும். பேட்டரியில் ஓடும் காற்றுக்குழாய் போட்ட வாளியில் விட்டு, மேலே ஈரச் சாக்கைப் போடுங்கள்.

முள் கோப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். இறாலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தலைக்குள் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். முள் அதில் பட்டால் இறால் உடனே செத்துவிடும். அதைத் தவிர்த்து, கொம்புக்கு அடியில் இருக்கும் கெட்டியான ஓட்டில் குறுக்காகக் கோக்க வேண்டும். சரியாகக் கோத்த இறால் தண்ணீரில் விட்டதும் பின்பக்கமாகச் சுண்டிச் சுண்டி ஓடும். இரண்டு மூன்று அடி ஆழத்தில் நிற்கும்படி தக்கை கட்டுங்கள். ஈயக் குண்டு வேண்டாம், தேவைப்பட்டால் மிளகளவு. இழுத்துக் கட்டாத இரையைத்தான் கொடுவாவால் எளிதாக உறிஞ்ச முடியும்.

உயிர் இறால் கிடைக்காத நாளில், விடியுமுன் காசிமேட்டில் தலை கெட்டியாக ஒட்டியிருக்கும் பச்சை இறால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் செத்த இரைக்குக் கெளுத்திதான் முதலில் வரும். அதன் துடுப்பு முள் விஷமுள்ளது; மீனைக் கையால் பிடிக்காமல் குறட்டால் தூண்டில் முள்ளை எடுங்கள்.

தெளிந்த தண்ணீரிலும், திருவொற்றியூர் பக்கம் தூண்டில் வளைவுக் கற்களின் ஓரத்திலும் லூர் நன்றாக வேலை செய்யும். மடவைபோல வெள்ளியாக மின்னும் நாலு அங்குல ரப்பர் மீன் ஒன்றும், இருட்டு நேரத்துக்குக் கறுப்பில் ஒன்றும் இருந்தால் போதும். மற்றதெல்லாம் கடைக்காரருக்குத்தான் லாபம். மெதுவாகச் சுற்றுங்கள், ஒரு சுண்டு, பிறகு நிறுத்துங்கள். அடி விழுவது பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான். பாசிக் கல்லில் செருப்போடு ஏறாதீர்கள், வழுக்கும்.

எந்த இரை போட்டாலும் முள்ளுக்கு முன்னால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 40 பவுண்டு தங்கூசி கட்டாயம். கொடுவாவின் செவுள் மூடி பிளேடு போல. மெல்லிய நரம்பை அறுத்துவிடும். வலை கட்டியிருக்கும் இடத்தில் வீசாதீர்கள். அது அங்குள்ள மீனவர்களின் சோறு.

வாளியில் கழித் தண்ணீரை நிரப்பியதும் இறால்கள் வரிசையாகச் சாய்ந்தால், அல்லது மேலே எண்ணெய்ப் படலம் தெரிந்தால், அன்றைக்கு வீட்டுக்குத் திரும்புங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவிய கழி இது. அந்தத் தண்ணீரில் பிடித்த மீனைப் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுக்கக் கூடாது.

இன்னும் ஒன்று. கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறும் மீன். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-ல் பண்ணையிலேயே இதைக் குஞ்சு பொரிக்க வைத்தது. ஆனால் நம் கழிக்குக் குஞ்சு வருவது, முகத்துவாரத்தில் முட்டையிடும் பெரிய தாய் மீன்களால்தான். ஒன்றிரண்டு கிலோ மீனைக் குழம்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கையளவு குஞ்சையும், இரண்டு கையாலும் தூக்க வேண்டிய தாயையும் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள்.