மக்கள் தொடர்பு வேலைக்குப் போக விரும்பும் நம் பிள்ளைகளுக்கு

சென்ற மாதம் விஜயபுரத்தில் நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, இன்டர்மீடியட் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். "சார், பி.ஆர்.ஓ. வேலைக்குப் போகணும்னா என்ன படிக்கணும்?" என்று கேட்டாள். அழைத்துப் போக வந்திருந்த அவள் அப்பா குறுக்கிட்டார். "அதெல்லாம் வாய் சாமர்த்தியம் இருக்கிறவங்க வேலை சார். இவ நாலு பேர் இருந்தா வாயே திறக்க மாட்டா. நீங்களே டிப்ளமா படிச்சு ரயில்வேக்குப் போனவர். இவளுக்கும் அதையே சொல்லுங்க" என்றார்.

தண்டவாளம், ஸ்லீப்பர், ஜல்லி என்று வாழ்நாளில் பெரும் பகுதியைக் கழித்தவன் நான். என்னிடம் இந்தக் கேள்வி வந்ததே வேடிக்கைதான். ஆனால் பேச்சாளிகளுக்கான வேலை இது என்று அவர் எண்ணுவது சரியல்ல என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும். பேசக் கூடாத விதத்தில் பேசிவிட்டு அதை நான் கற்றுக்கொண்டேன். முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1988 ஐப்பசி மாதம். விடாத மழை. நான் பொறுப்பிலிருந்த பகுதியில் ஓரிடத்தில் கரை அரித்துப் போய், தண்டவாளமும் ஸ்லீப்பரும் ஏணி மாதிரி அந்தரத்தில் தொங்கின. பாசஞ்சர் வண்டி ஒன்றைப் பக்கத்துச் சிறிய ஸ்டேஷனில் நிறுத்திவிட்டார்கள். மணல் மூட்டைக்கும் கருங்கல்லுக்கும் ஆள் அனுப்பிவிட்டு, போன் செய்வதற்காக ஸ்டேஷனுக்கு வந்தேன். பயணிகள் சூழ்ந்துகொண்டார்கள். எப்போது வண்டி கிளம்பும்? எனக்கு உண்மையில் தெரியாது. தண்ணீர் வடிந்தால்தான் அடியில் எவ்வளவு மண் போயிருக்கிறது என்பதே தெரியும். ஆனால் சட்டைப் பையில் பேனாவும் கையில் டார்ச்சுமாக நிற்கிற அதிகாரி தெரியாது என்று சொல்வதா? "இரண்டு மணி நேரத்தில் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டேன்.

கிளம்பியது மறுநாள் விடியற்காலையில். பயணிகளில் ஒருவர் தாயாருக்குக் கொள்ளி வைக்கப் போய்க்கொண்டிருந்தவர். மூன்று மைல் நடந்தால் மெயின் ரோடு, அங்கே கடைசி பஸ் உண்டு. நடக்கப் புறப்பட்டவர் என் வார்த்தையை நம்பித் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். காலையில் என்னைப் பார்த்து அவர் சத்தம் போடவில்லை. "தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே சார்" என்று மட்டும் சொன்னார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் அந்தக் குரல் என் காதில் இருக்கிறது.

மக்கள் தொடர்பு என்கிற தொழிலின் வேரே ரயில்வேயில்தான் இருக்கிறது என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் அந்தக் காலத்து ரயில் கம்பெனிகள் பத்திரிகைக்காரர்களுக்கு இலவச பாஸ் கொடுப்பார்கள். விபத்து நடந்தால் மட்டும் மூடி மறைப்பார்கள். 1906 அக்டோபர் 28-ஆம் தேதி நியூஜெர்சி மாநிலத்தில் அட்லாண்டிக் சிட்டி அருகே மின்சார ரயில் ஒன்று பாலத்திலிருந்து தண்ணீருக்குள் விழுந்து 53 பேர் இறந்தார்கள். பென்சில்வேனியா ரயில்வேயின் துணைக் கம்பெனி வண்டி அது. அந்த ரயில்வேக்கு ஆலோசகராக இருந்த ஐவி லீ என்பவர் பழைய பத்திரிகைக்காரர். நடந்ததை நாமே எழுதித் தருவோம், நிருபர்களை நாமே அந்த இடத்துக்கு அழைத்துப் போவோம் என்று சொல்லி அப்படியே செய்தார். 'நியூயார்க் டைம்ஸ்' அந்த அறிக்கையை எழுத்து மாறாமல் அச்சிட்டது. உலகின் முதல் பத்திரிகைக் குறிப்பு என்று பாடப் புத்தகங்கள் வழக்கமாக இதைத்தான் குறிப்பிடுகின்றன.

அதே ஐவி லீயின் இன்னொரு பக்கத்தையும் மாணவர்கள் படிக்க வேண்டும். 1914-ல் கொலராடோவில் லட்லோ என்ற இடத்தில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது பெண்களும் குழந்தைகளும் மாண்டார்கள். சுரங்க முதலாளியான ராக்பெல்லர் தரப்புக்காக லீ வெளியிட்ட துண்டறிக்கைகளில் தவறுகள் மலிந்திருந்தன. தொழிற்சங்கத் தலைவர்களின் சம்பளத்தைக்கூடப் பெருக்கிக் காட்டியிருந்தது. பின்னர் விசாரணைக் குழு கேட்டபோது, முதலாளிகள் கொடுத்த விவரத்தைத் தான் சரிபார்க்கவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் அவருக்கு 'விஷக்கொடி' என்ற பொருள்படும் பட்டப்பெயர் சூட்டினார். ஐவி என்பது ஒரு கொடியின் பெயர், அதனால் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆள் ஒன்றுதான், பேனாவும் ஒன்றுதான். முதல் தடவை அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்க வழி செய்தார், இரண்டாம் தடவை கொடுத்ததை வாங்கி எழுதினார்.

அமெரிக்கா வரை போவானேன் என்று கேட்பீர்கள். நம் சினிமாவுக்கு வருவோம். பிள்ளைகள் பி.ஆர்.ஓ. என்ற சொல்லை முதலில் பார்ப்பதே படத்தின் டைட்டிலில்தானே! தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று பெயர் பெற்றவர் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். 1958-ல் எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' படத்தில் அவர் அந்தப் பணியைத் தொடங்கினார். 2016-ல் காலமானார். அவருடைய பெயர் இன்றைக்கும் நிற்பதற்குக் காரணம், எந்தப் படம் எந்தத் தேதியில் வந்தது, யார் நடித்தார்கள், யார் ஒளிப்பதிவு என்பதை ஆண்டாண்டு காலமாகச் சேர்த்து வைத்ததுதான். அவருடைய சேகரிப்பைத் தமிழ்நாடு அரசே பெற்றுக்கொண்டது. எந்த நிருபர் எதைக் கேட்டாலும் சரியான தேதியும் பெயரும் கிடைக்கும் என்றால், அந்த மனிதர் தருகிற செய்தியை யார்தான் தள்ளுவார்கள்? அந்த மாணவியின் அப்பாவிடம் நான் முதலில் சொன்னது இந்த உதாரணத்தைத்தான். குறிப்பு நோட்டுப் போடுகிற பொறுமை இருந்தால் போதும், பேச்சு தானாக வரும்.

சரிபார்ப்பது எவ்வளவு கடினம் என்பதற்குப் பாலசோர் விபத்து ஒரு பாடம். 2023 ஜூன் 2 மாலை, ஒடிசாவின் பஹநாகா பஜார் ஸ்டேஷனில், ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. தடம்புரண்ட பெட்டிகள் யஷ்வந்த்பூர் - ஹவுரா வண்டியையும் தாக்கின. இறந்தவர்கள் 288 என்றார்கள். ஜூன் 4-ஆம் தேதி, சில உடல்கள் இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டன, 275தான் என்றார்கள். இரண்டு நாளில் மறுபடியும் 288 ஆயிற்று. சிகிச்சையில் இருந்தவர்களும் இறந்ததில் பின்னர் 290-ஐத் தாண்டியது. இதற்கிடையில் அருகிலிருந்த ஒரு கோயிலின் படத்தை வேறு மதத்தாரின் கட்டடம் என்று காட்டி வதந்தி பரப்பினார்கள். ஒடிசா போலீஸ் எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று.

அதிகாரிகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அப்படிப்பட்ட இரவில் எண்ணுவது எவ்வளவு கஷ்டம் என்பது வேலை செய்தவர்களுக்குத் தெரியும். நான் மாணவர்களைக் கேட்கச் சொல்வது இதுதான்: அந்த இரவில் அறிக்கை எழுதும் பொறுப்பு உன்னுடையது என்றால் எண்ணிக்கையை எப்படி எழுதுவாய்? "இரவு 10 மணி வரை ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்த கணக்குப்படி இத்தனை பேர், இது மாறக்கூடும், அடுத்த கணக்கு காலை 6 மணிக்கு" என்று எழுதினால், காலையில் எண் மாறினாலும் யாரும் உன்னைப் பொய்யன் என்று சொல்ல மாட்டார்கள். நேரத்தையும் ஆதாரத்தையும் சேர்த்துச் சொல்வது என்கிற இந்த ஒரு பழக்கத்தைப் பத்தாம் வகுப்பிலேயே ஆரம்பிக்கலாம்.

அடுத்தது மொழி. இதில்தான் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு சொத்து இருக்கிறது. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, பாடப் புத்தகத்தில் ஆங்கிலம். நகரிக்கும் திருத்தணிக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளை மூன்றையும் கேட்டே வளர்கிறது. 1960-ல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நாம் இந்தப் பக்கம் நின்றோம். அந்த வருத்தத்தைப் பெரியவர்கள் இன்றும் பேசுகிறார்கள். பேசட்டும். ஆனால் பிள்ளைகளுக்கு அதில் ஒரு லாபம் இருக்கிறது. திருமலைக்கு வரும் கூட்டத்தைப் பாருங்கள். தேவஸ்தானம் 'சப்தகிரி' பத்திரிகையைத் தெலுங்கு, தமிழ், கன்னடம், இந்தி, ஆங்கிலம் என்று பல மொழிகளில் நடத்துவது சும்மா இல்லை.

ஆனால் அரைகுறையாகத் தெரிந்த இரண்டு மொழி ஒன்றுமே தெரியாததைவிட ஆபத்து. வகுப்பில் ஒரு பையன் தெலுங்குப் பத்திரிகைச் செய்தி ஒன்றைத் தமிழாக்கினான். தலைப்பு "ரயில் பிரமாதம்"! தெலுங்கில் பிரமாதம் என்றால் விபத்து, நமக்கோ பாராட்டுச் சொல். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உறவினரைப் பறிகொடுத்தவர் அந்தத் தலைப்பைப் படித்தால் சிரிப்பாரா என்று பிறகு கேட்டேன். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. அனுமானம் என்றால் சந்தேகம். நமக்கு அது ஊகம். "போலீசாருக்கு அனுமானம்" என்று அப்படியே எடுத்து எழுதினால் பொருளே மாறிவிடும். இப்படிப்பட்ட இரட்டைச் சொற்களுக்கென்று தனி நோட்டு ஒன்று போடுங்கள். எங்கள் வகுப்பு நோட்டில் இதுவரை நாற்பத்தாறு சொல் சேர்ந்திருக்கிறது.

இனி பயிற்சி. ஊரில் தண்ணீர் மோட்டார் பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகப் பலகையில் எழுதுவது எப்படி இருக்கும்? "தவிர்க்க முடியாத காரணங்களால் குடிநீர் விநியோகத்தில் தடங்கல் ஏற்பட்டுள்ளது. சிரமத்துக்கு வருந்துகிறோம்." படித்துவிட்டு ஒரு குடத்தைக்கூட நிரப்ப முடியாது. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "மோட்டார் பழுதானதால் மேட்டுத் தெருவுக்கும் பள்ளித் தெருவுக்கும் செவ்வாய்க்கிழமை காலை முதல் குழாய்த் தண்ணீர் வராது. எப்போது சரியாகும் என்பது மெக்கானிக் மதியம் கழற்றிப் பார்த்த பிறகே தெரியும். மாலை 4 மணிக்கு அடுத்த தகவலை இதே பலகையில் எழுதுவோம். பகல் 11 மணிக்குப் பள்ளிக்கூடம் அருகே லாரித் தண்ணீர் கிடைக்கும்." தெரிந்தது, தெரியாதது, அடுத்த தகவல் எப்போது, அதுவரை என்ன செய்வது, எல்லாம் வந்துவிட்டது. 1988-ல் இந்த நாலு வரி எனக்குத் தெரிந்திருந்தால் ஒரு மகன் பஸ்ஸைப் பிடித்திருப்பார்.

எழுதியதை உரக்கப் படித்துப் பாருங்கள். பிறகு படிக்காத பாட்டி ஒருவருக்குப் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். பாட்டி திருப்பிச் சொல்வதில் ஒரு விவரம் விட்டுப்போனால் குற்றம் உங்கள் எழுத்தில்தான்.

படிப்பு விஷயம் எளிது. இன்டரில் எந்த குரூப்பாக இருந்தாலும் சரி, முதலில் ஒரு பட்டம். அதன் மேல் இதழியலோ மக்கள் தகவல் தொடர்பியலோ படிக்கலாம். திருப்பதியில் 1983-ல் தொடங்கிய ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே துறை இருக்கிறது. நம் பெண் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டும் தூரம். டில்லியில் 1965-ல் தொடங்கிய இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனத்தில் விளம்பரமும் மக்கள் தொடர்பும் சேர்ந்த முதுநிலைப் பட்டயம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை பழையது.

வேலை என்றால், மாநில அரசில் தகவல் மக்கள் தொடர்புத் துறை இருக்கிறது. தெலுங்கில் பௌர சம்பந்தாலு என்பார்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் அதிகாரி உண்டு. மத்திய அரசின் தகவல் பணிக்கு சிவில் சர்வீஸ் தேர்வு வழி. ரயில்வேயில் சீனியர் பப்ளிசிட்டி இன்ஸ்பெக்டர் என்று ஒரு பதவி உண்டு. 2019-ல் ரயில்வே தேர்வு வாரியம் அதற்கு விண்ணப்பம் கேட்டபோது பட்டத்தோடு மக்கள் தொடர்பு, விளம்பரம், இதழியல் போன்றவற்றில் ஒரு பட்டயம் வேண்டும் என்றிருந்தது. இடங்கள் மிகக் குறைவு, அதையே நம்பி உட்காரக் கூடாது. ஆஸ்பத்திரி, கல்லூரி, தொழிற்சாலை எல்லாவற்றிலும் இன்று இந்த வேலைக்கு ஆள் வைக்கிறார்கள். இந்தியப் பொதுமக்கள் தொடர்பு சங்கம் 1958-ல் தொடங்கியது. முதல் அகில இந்திய மாநாடு 1968 ஏப்ரல் 21-ல் டில்லியில் நடந்ததால் அந்தத் தேதியைத் தேசிய மக்கள் தொடர்பு தினமாகக் கொண்டாடுகிறார்கள். நேர்முகத் தேர்வில் கேட்கக்கூடும், நினைவில் வையுங்கள்.

அந்த மாணவிக்கு மோட்டார் பயிற்சியைத்தான் முதலில் கொடுத்தேன். மறு ஞாயிறு இரண்டு மொழியிலும் எழுதி வந்தாள். என்னிடம் பத்து வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டாள். ஆனால் நிஜமான மெக்கானிக் ஒருவரிடம் போய், மோட்டாரில் சுருள் கருகினால் திரும்பக் கட்ட எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டு எழுதியிருந்தாள். கேட்ட நாளும் நேரமும் ஓரத்தில் குறித்திருந்தது. இந்த வாரம் வண்டி தாமதம் பற்றிய அறிக்கை கொடுத்திருக்கிறேன். தெலுங்குப் பிரதியைத் தானே படித்துத் திருத்தித் தருவதாக அவள் அப்பா சொல்லியிருக்கிறார்.