மாமா அனுப்பிய பணமும் வரிக் கணக்கும்

கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆட்சி செய்த முதல் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றொரு பெயர் உண்டு. பத்தாம் வகுப்புப் பொருளியலில் 'அரசாங்கமும் வரிகளும்' பாடத்தை எங்கள் பகுதியில் தொடங்குவதற்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. கோயிலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் சுங்கம் என்றால் என்ன, அதை நீக்கினால் வணிகர்களுக்கு என்ன நன்மை என்று ஆர்வமாகவே பேசுகிறார்கள். ஆனால் பாடம் பாதியை எட்டும் முன்னே கேள்வி வேறு பக்கம் திரும்பிவிடுகிறது: "ஜிபேயில பணம் அனுப்பினா வரி போடுவாங்களாமே, உண்மையா?"

கேள்வி மாணவருடையது மட்டுமன்று. ஆசிரியர் அறையிலும் இதே கேள்விதான். 2025 ஏப்ரலில், 2,000 ரூபாய்க்கு மேல் யுபிஐ மூலம் அனுப்பினால் ஜிஎஸ்டி வரப்போகிறது என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. அப்படியொரு திட்டமே இல்லை என்று மத்திய நிதி அமைச்சகம் ஏப்ரல் 18 அன்று மறுத்தது. அதே ஆண்டு ஜூலையில் கர்நாடக வணிக வரித்துறை, யுபிஐ வரவுகளின் அடிப்படையில் ஆயிரக்கணக்கான சிறு வணிகர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூருவில் பல கடைகளில் கியூஆர் அட்டையை எடுத்துவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டினார்கள். முதலில் வந்தது வதந்தி, அடுத்து வந்தது உண்மை. இரண்டும் ஒன்றாகக் கலந்து, செயலியில் பணம் அனுப்புவதே ஆபத்து என்ற எண்ணமாக ஊருக்குள் நிலைத்துவிட்டது.

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்வோம். கூகுள் பே, போன்பே, பேடிஎம் எதில் அனுப்பினாலும், ஒருவர் மற்றொருவருக்குச் சொந்தப் பணத்தை அனுப்பும் செயலுக்கு வரி கிடையாது. கையில் கொடுத்தால் எந்த விதியோ, செயலியில் கொடுத்தாலும் அதே விதிதான். யார், யாருக்கு, எதற்காகக் கொடுத்தார் என்பதை மட்டுமே சட்டம் பார்க்கிறது. செயலியால் ஏற்பட்ட மாற்றம் ஒன்றுதான்: தொகையும் தேதியும் வங்கிக் கணக்கில் பதிவாகின்றன. உறவும் காரணமும் பதிவாவதில்லை. பிற்பாடு கேள்வி வந்தால் அந்த இரண்டையும் நாம்தான் சொல்ல வேண்டியிருக்கும். சொல்ல முடியாத வரவைக் கணக்கில் வராத வருமானமாகக் கருதி வரி விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

உறவு என்ற இடத்தில்தான் நம் வழக்கமும் சட்டமும் பிரிகின்றன. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் பெறும் அன்பளிப்புத் தொகை மொத்தமாக 50,000 ரூபாயைத் தாண்டினால், அது பெற்றவரின் வருமானத்தோடு சேரும். கொடுத்தவருக்கு வரி இல்லை. உறவினர் கொடுத்தால் எவ்வளவானாலும் பெற்றவருக்கும் வரி இல்லை. அப்படியானால் யார் உறவினர்? பணம் பெறுபவரின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்: அவருடைய கணவன் அல்லது மனைவி, உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவியின் உடன்பிறந்தோர், தாய், தந்தையின் உடன்பிறந்தோர், தன் வழியிலும் துணைவர் வழியிலும் நேர்மேலே உள்ள பெற்றோர், தாத்தா, பாட்டி, நேர்கீழே உள்ள பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், துணைவர் நீங்கலாக இவர்கள் எல்லோருடைய கணவன் அல்லது மனைவி. பட்டியல் இவ்வளவுதான்.

இதை நம் முறைப்பெயர்களோடு பொருத்திப் பாருங்கள். தாய்மாமன் தன் அக்காள் மகனுக்கு 1 லட்சம் அனுப்பினால், பெறுபவருக்கு அவர் தாயின் உடன்பிறந்தவர், வரி இல்லை. சில ஆண்டுகள் கழித்து வேலைக்குப் போன அந்த மருமகன், நன்றியோடு மாமாவுக்கு 1 லட்சம் அனுப்புகிறார். இப்போது பெறுபவர் மாமா. அவருடைய பட்டியலில் உடன்பிறந்தவரின் மகன் இல்லை. அன்பளிப்பாகக் கொடுத்தது என்றால் அந்த 1 லட்சமும் மாமாவின் வருமானம். அதே தொகையை மகளின் கணவர் அனுப்பினால் வரி இல்லை. தமிழில் இருவருமே மருமகன்தான்! பெரியப்பா மகன், சித்தி மகள், அத்தை மகன் ஆகியோரை அண்ணன், தங்கை, மச்சான் என்று அழைத்துத்தான் வளர்கிறோம். சட்டப்படி அவர்கள் உறவினர் அல்லர். சம்பந்தியும் அப்படியே. மனைவியின் சித்தப்பாவுக்கும் இடம் இல்லை. ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் குடும்ப மரம் வரையச் சொல்லி, பட்டியலில் உள்ளவர்களை வட்டமிடச் செய்தால் ஒரு பாடவேளை போவதே தெரியாது. பிள்ளைகளின் சொந்தக் குடும்பத்தை வரையச் சொல்ல வேண்டாம். கற்பனைக் குடும்பம் போதும். தாய் தந்தையை இழந்த பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள்.

அடுத்தது மொய். 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு திருமண அழைப்பிதழில் கூகுள் பே, போன்பே கியூஆர் குறியீடுகளை அச்சிட்டிருந்தது நாடு முழுவதும் செய்தியானது. கொரோனா காலத்தில் நேரில் வர இயலாதவர்களுக்கான ஏற்பாடு அது. இப்போது மொய் மேசையில் நோட்டுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் கியூஆர் அட்டை இருப்பது புதுமையே அன்று. ஒருவரின் திருமணத்தை ஒட்டி அவருக்கு வரும் அன்பளிப்புக்கு, யார் கொடுத்தாலும் எவ்வளவானாலும் வரி இல்லை. ஆனால் இந்த விலக்கு மணமக்களுக்கு உரியது; அவர்களின் பெற்றோருக்கு உரியதன்று. அட்டையில் இருக்கும் குறியீடு மணமகளின் கணக்கா, அவர் தந்தையின் கணக்கா என்று யாரும் யோசிப்பதில்லை. யோசிக்க வேண்டும். காதணி விழா, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா ஆகியவற்றுக்கு இந்த விலக்கே கிடையாது. 500 ரூபாயாக 200 பேர் எழுதினால் 1 லட்சம். அதில் பட்டியல் உறவினர் போக மற்றவர்கள் எழுதியது 50,000-ஐத் தாண்டினால் விதி பொருந்தும்.

மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன்தானே, அது எப்படி அன்பளிப்பாகும் என்று கேட்பீர்கள். நியாயமான வாதம். பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து மொய் விருந்துகளில் எழுதும் தொகையை யாரும் இனாமாக நினைப்பதில்லை. அந்த வாதத்தை நிறுவக்கூடிய ஒரே ஆவணம் மொய் நோட்டுதான். செயலியில் வந்ததையும் அதே நோட்டில், ஊர் பெயரோடு எழுதிவைக்கும் குடும்பம் பிழைத்தது. 'போனில்தான் இருக்கிறதே' என்று விட்டுவிடுபவர்களுக்குத் திருப்பிச் செய்யும்போதுகூடக் கணக்குத் தெரியாது.

நம் பணியிடத்துக்கு வருவோம். தலைமையாசிரியர் ஒருவர் பணி நிறைவு பெறுகிறார். 55 ஆசிரியர்கள் ஆளுக்கு 1,000 ரூபாய் அவருடைய எண்ணுக்கே அனுப்புகிறார்கள். மொத்தம் 55,000. வரிக்கு உட்படுவது 50,000-க்கு மேற்பட்ட 5,000 மட்டும் என்று பலரும் நினைக்கிறோம். அப்படியன்று, வரம்பைத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானத்தில் சேரும். அவர் 15 விழுக்காட்டு அடுக்கில் இருந்தால் 8,250 ரூபாய் வரி, அதன் மீது 4 விழுக்காடு செஸ் 330, ஆக 8,580. மொத்த வருமானம் குறைவாக இருப்பவருக்கு வரியே வராமலும் போகலாம். வருமானத்தில் காட்டுவதுதான் முறை. பணமாகத் தராமல் குளிர்சாதனப் பெட்டி வாங்கிக் கொடுத்திருந்தால் இந்த விதிக்குள்ளேயே வராது. தங்க நகை வரும். சட்டத்துக்கு இப்படிச் சில விசித்திரங்கள் உண்டு.

அதே 55,000-ஐ அலுவலகச் செயலர் ஒருவர் தன் எண்ணில் வசூலித்துப் பொருள் வாங்கிக் கொடுத்தால், அது அவருடைய வருமானம் ஆகாது. அவர் கைவழியே போன பணம். பெயர்ப் பட்டியலும் கடை ரசீதும் இருந்தால் போதும். ஆசிரியர் அறைச் சீட்டில் தொகை இன்னும் பெரிது. 20 பேர், மாதம் 5,000 என்றால், சீட்டு நடத்துபவர் கணக்கில் ஆண்டுக்கு 12 லட்சம் வரவு. அவருடைய சம்பளத்துக்கு இணையான இன்னொரு வருமானம் போலத் தோன்றும். (பதிவு செய்யாத சீட்டுக்கு வேறு சட்டச் சிக்கலும் உண்டு, அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.)

கல்விச் சுற்றுலாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் மாணவர்களிடம் பெறும் பணத்தையும், முன்னாள் மாணவர்கள் பள்ளிக்கு அனுப்பும் நன்கொடையையும் ஆசிரியர் தம் சொந்த எண்ணில் வாங்கவே கூடாது என்பது என் கருத்து. வரிக்கு விளக்கம் சொல்லிவிடலாம். தணிக்கைக்கும் ஊராருக்கும் சொல்வது கடினம். பள்ளி மேலாண்மைக் குழுவின் கணக்கு எதற்காக இருக்கிறது? நன்கொடையாளர்களுக்கு 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' வழியும் இருக்கிறது.

கைமாற்று விஷயத்தில் மட்டும் செயலி நம் பக்கம் நிற்கிறது. கடனாக வாங்கிய தொகை வருமானம் அன்று. திரும்பி வந்த அசலும் வருமானம் அன்று. வட்டி வாங்கினால் வட்டி மட்டும் வருமானம். ஆனால் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதையும் ரொக்கமாகத் திருப்புவதையும் சட்டம் தடுக்கிறது. மீறினால் அந்தத் தொகைக்கு இணையாகவே அபராதம் விதிக்கலாம். யுபிஐ வழியாக வாங்கித் திருப்பினால் இந்தத் தொல்லை இல்லை. அனுப்பும்போது குறிப்புப் பெட்டியில் 'கைமாற்று', 'கைமாற்று திருப்பம்' என்று எழுதுங்கள். நண்பர்கள் அந்தப் பெட்டியில் எழுதும் வேடிக்கைகளை நானும் ரசிப்பவன்தான்; பெரிய தொகைக்கு மட்டும் வேண்டாம்.

கணவன் மனைவிக்குள் அனுப்புவதில் வேறொரு கண்ணி உண்டு. கணவர் மனைவிக்கு 5 லட்சம் அனுப்புகிறார். அதற்கு வரி இல்லை. மனைவி அதை நிரந்தர வைப்பில் போடுகிறார். அந்த வட்டி மனைவியின் பெயரில் வந்தாலும், வரிக் கணக்கில் கணவரின் வருமானத்தோடுதான் சேரும். மனைவி ஆசிரியராக இருந்து கணவருக்கு அனுப்பினாலும் இதே கதைதான். வைப்பு அவர் பெயரில் இருக்கிறதே என்று இதைக் காட்டாமல் விடுவோர் நம்மிடையே நிறையப் பேர்.

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் உழைப்பவர் இல்லாத தெரு அரிது. 2023 பிப்ரவரி 21 முதல் சிங்கப்பூரின் பேநவ் சேவையும் நம் யுபிஐயும் இணைக்கப்பட்டுள்ளன. மகன் பெற்றோருக்கு அனுப்புவதில் கேள்வியே இல்லை. "என் அம்மாவுக்கு வங்கிக் கணக்கு இல்லை, உன் கணக்கில் போடுகிறேன், எடுத்துக் கொடுத்துவிடு" என்று நண்பனோ பெரியப்பா மகனோ மாதாமாதம் போடும்போதுதான் சிக்கல். உதவி செய்தவரின் கணக்கில், பட்டியலில் இல்லாத ஒருவரிடமிருந்து வரவு சேர்ந்துகொண்டே போகும். அந்த அம்மாவுக்கு ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கிக் கொடுப்பதே நல்ல உதவி. நம் மாணவரின் வீடாக இருந்தால் இதை நாமே சொல்லலாம்.

இனி கர்நாடக நிகழ்வு. பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம், சேவை தருபவருக்கு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு தேவை. தமிழ்நாட்டிலும் இதே வரம்புதான். அங்கே நோட்டீஸ் பெற்ற வணிகர்கள் பலர் சொன்ன பதில், வரவு முழுவதும் விற்பனை அன்று. அதில் கடனும் உறவினர் அனுப்பியதும் கலந்திருக்கிறது என்பது. வரி இல்லாத பால், காய்கறி விற்றவர்களும் நோட்டீஸ் பெற்றவர்களில் இருந்தார்கள். ஜூலை 23 அன்று முதலமைச்சர் சித்தராமையா வணிகர்களைச் சந்தித்து, பழைய நிலுவை வசூலிக்கப்படாது, வரம்பைத் தாண்டியவர்கள் இனிப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அறிவித்தார். கடைக் குறியீட்டிலேயே குடும்பப் பணத்தையும் வாங்கினால், எது விற்பனை என்று பிரித்துக் காட்டும் பாடு கடைக்காரருடையது. டீக்கடை, முந்திரிக் கடை, தையல் கடை வைத்திருக்கும் பெற்றோர் நம்மிடம் கேட்டால், கடைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என இரண்டு கணக்கு வைக்கச் சொல்லலாம்.

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்கள் மாறுவதால் இக்கட்டுரையில் எண்களைக் குறிப்பிடவில்லை. பெரிய தொகை என்றால் பட்டயக் கணக்கர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டாம் வகுப்பு 'வாழ்வியல் கணித'த்தில் ஜிஎஸ்டி வருகிறது. அங்கே இந்தக் கணக்கைக் கொடுத்துப் பார்க்கலாம். ஒரு பலகாரக் கடையின் கியூஆரில் ஓராண்டில் 42,60,000 ரூபாய் வரவு. அதில் கடைக்காரரின் தம்பி அனுப்பியது 1,80,000; திரும்பி வந்த கைமாற்று 95,000. விற்பனை எவ்வளவு? 40 லட்சத்தைத் தாண்டியதா? ஒரு நாளைக்குச் சராசரியாக எவ்வளவு விற்றால் அந்த வரம்பை எட்டும்? விடை 39,85,000, தாண்டவில்லை, நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,959 ரூபாய். கையில் வாங்கிய ரொக்கத்தைக் கணக்கில் சேர்க்கவில்லையே என்று எந்த மாணவராவது கேட்டால், அடுத்த கணக்கை அவரையே உருவாக்கச் சொல்லுங்கள்.