மலைச்சரிவும் மளிகைக் கடையும்

வியாபாரிகளாகிய நாம் சரக்கின் விலையை அறிவோம். அது விளைந்த மண்ணின் கதையை அறிவது அபூர்வம். அதைச் சொல்லும் நாவல்கள் உண்டு. லிபியப் பாலைவனத்துத் துவாரிக் மக்களைப் பற்றி அரபியில் எழுதியவர் இபுறாஹீம் அல்கூனி. மோட்டார் வண்டியும் துப்பாக்கியும் வந்தபின் பாலைவன மான்கள் அழிந்ததை அவருடைய 1990ஆம் ஆண்டு நாவல் காட்டுகிறது.

தமிழில் நாம் படிக்கத் தக்கது ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'குறிஞ்சித்தேன்' (1963). நீலகிரிப் படகர்களின் கதை. கோயமுத்தூர் கலெக்டர் சல்லிவன் 1819இல் அம்மலை ஏறினார். பிறகு துரைமாரும் தேயிலையும் வந்தனர். சாமையும் ராகியும் விளைந்த சரிவில் தேயிலை ஏறியது. பணம் புழங்கியது, உறவினருக்குள் பகையும் மூண்டது.

நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. சாமை விளைத்தவர் சந்தை விலை சரிந்தாலும் பசியாறினார். தேயிலை விளைத்தவரோ விலை சரிந்தால் கடைக்காரரிடம் கடன் கேட்டு நின்றார்.

அக்கடைக்காரர் நாமாகவும் இருக்கலாம். கிள்ளானுக்குத் தெற்கே கேரித் தீவில் வாழும் மா மேரி பூர்வகுடிகளைச் சுற்றியும் ரப்பர் வந்தது, பின் செம்பனை வந்தது. அவர்களில் ஒருவர் நம் கடைக்கு வந்தால் நிறுவை குறையாமல் கொடுப்போம். தவணை கேட்டால் முகம் சுளியாதிருப்போம். காடு கைகொடுத்த நாளில் அவர் நம்மிடம் தவணை கேட்டவரல்லர்.